ஆலா முட்டையிட்ட மணல்

நான் இல்லாததைச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபக்காரி, வாயாடி என்று என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பொய்க்காரி என்று மட்டும் சொல்லக்கூடாது. எழுபதுகளின் நடுவில், ஒரு கோடை முடிகிற சமயத்தில், அடையாறு முகத்துவாரத்து மணலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நான் குப்புறப் படுத்துக்கிடந்ததற்கு இந்தக் குணம்தான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பாண்டி பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் புரியாது. சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து விளக்கைப் போட்டு, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அதில் உள்ள புள்ளிகளை அடைக்க வேண்டும். முகத்தில் அம்மைத் தழும்போ மருவோ இருந்தால் படத்தில் அது கறுப்பாக விழும். நெகட்டிவில் அதே இடம் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பில் பென்சில் கரியை மெல்ல ஏற்றினால் படத்தில் தழும்பு காணாமல் போய்விடும். அவ்வளவுதான் வித்தை. பெண் பார்க்க அனுப்புகிற படங்கள்தான் எனக்கு வருவதில் முக்கால்வாசி. அந்த நாளில் அம்மைத் தழும்பு இல்லாத வீடு குறைவு. காலையில் பலகையின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யார் யாருடைய கன்னத்தையோ வழவழப்பாக்கிக்கொண்டிருப்பேன்.

இப்படி ஆறேழு வருஷம் போனதில் கண் வலி வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் எல்லாமே இரண்டாகத் தெரியும். கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "கிட்டத்துலயே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டீங்க. தினம் காலையில அரை மணி நேரம் தூரத்துல இருக்கறதைப் பாருங்க" என்றார். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்து ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் எதுவும் கிடையாது. அதனால் விடிந்ததும் முகத்துவாரம் வரை நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் பார்க்கிறதற்கு இடம் இருந்தது. தண்ணீர், அதற்கு அப்பால் மணல், அதற்கு அப்பால் கடல். வெறும் தண்ணீரை அரை மணி நேரம் யாரால் பார்க்க முடியும்? அதன் மேல் எது அசைகிறதோ அதைப் பார்த்தேன். அசைந்ததெல்லாம் பறவை.

புள்ளியைத் தேடியே பழகின கண் என்னுடையது. ஒன்றிரண்டு மாதத்தில் ஓர் உள்ளானுக்கும் இன்னோர் உள்ளானுக்கும் காலிலே என்ன வித்தியாசம், அலகிலே என்ன வித்தியாசம் என்று சொல்ல வந்துவிட்டது. பெயர்களை வலை இழுக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மிச்சத்தை ஒரு தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அந்தத் தாளைப் போட்டவர் மயிலாப்பூர்க்காரர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. அதை வைத்துப் பறவைகளைப் படம் பிடித்து, எங்கள் ஸ்டுடியோவில்தான் கழுவக் கொடுப்பார். அவரும் பத்துப் பன்னிரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போவார்கள். யார் எங்கே எதைப் பார்த்தார்கள் என்று மாதம் ஒரு முறை இங்கிலீஷில் நாலு பக்கம் சைக்ளோஸ்டைல் செய்து தங்களுக்குள் கொடுத்துக்கொள்வார்கள். நான் அவருடைய படங்களை ஆசையாகப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு பிரதி கொடுக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். என் வேலையில் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு முறை அவர் எடுத்த நாரையின் அலகுக்குக் குறுக்கே ஒரு குச்சி விழுந்திருந்தது. "இது மட்டும் இல்லேன்னா பிரமாதமா இருக்கும்" என்று வருத்தப்பட்டார். நான் பென்சிலை எடுத்து அரை மணி நேரத்தில் குச்சியை இல்லாமல் பண்ணினேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

கோடையில் அடையாறு வற்றி, முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அந்த வருஷமும் மூடியிருந்தது. கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியும் வெயில் இறங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் மணல் திட்டின் மேல் நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு சின்ன ஆலா வந்து கத்தியது. வெள்ளை உடம்பு, கறுப்புக் குல்லாய், மஞ்சள் அலகு, புறாவைவிடச் சிறியது. ஆலாக்கள் தண்ணீர் மேலே கத்துவது வழக்கம்தான். ஆனால் இது என்னைப் பார்த்துக் கத்தியது. நான் ஒரு பக்கம் நடந்தால் பேசாமல் இருந்தது, இன்னொரு பக்கம் நடந்தால் தலையில் கொத்துகிற மாதிரி இறங்கியது. நின்று காலடியைச் சுற்றிப் பார்த்தேன். ஆறடி தள்ளி, மணலில் ஒரு சின்னக் குழி. அதில் இரண்டு முட்டைகள். மணல் நிறம், மேலே கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள். மற்றவர்கள் மிதித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். புள்ளி இருந்ததால் என் கண்ணில் பட்டது.

அன்றைக்கே மயிலாப்பூர்க்காரர் படம் வாங்க வந்தார். நான் சந்தோஷத்தில் பலகையை விட்டு எழுந்துபோய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, முப்பது வருஷமா அந்த இடத்தைப் பார்த்துண்டிருக்கேன். சின்ன ஆலா அங்கே வரும், மீன் பிடிக்கும், போகும். முட்டையெல்லாம் ஊருக்கு வெளியிலதான் இடும். பட்டணத்து நடுவுல, நாயும் மாடும் திரியற இடத்துல இடாது."

"நான் பார்த்தேன் சார். ரெண்டு முட்டை."

"குழாங்கல்லா இருக்கும். இல்லேன்னா ஆள்காட்டி முட்டையா இருக்கும்."

"ஆள்காட்டி முட்டை பெரிசு சார். எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ பார்த்ததா நினைச்சுண்டிருக்கே, அவ்வளவுதான். பறவையும் முட்டையும் சேர்ந்தாப்ல படம் இருந்தா எடுத்துண்டு வா, பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகிறேன், பார்க்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். என்னிடம் கேமரா கிடையாது. ஃபிலிம் அந்தக் காலத்தில் தங்கம். முட்டை என்றைக்கு இட்டது, என்றைக்குப் பொரியும் என்பதும் தெரியாது. லீவு ஞாயிறு மட்டும். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலாளியிடம் போய் நின்றேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சிக்கனம். சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு எடுத்த ரோலில் மூன்று படம் மிச்சம் இருந்தது.

"மூணு கெடக்கு, எடுத்துக்கோ. நாலாவது கேக்கப்படாது. கேமராவுல மண்ணு ஏறிச்சின்னா திங்கக்கிழமை நீதான் பிரிச்சுத் தொடைக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அது மேலேயிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி கேமரா. கல்யாணத்துக்கு ஏற்றது, பறவைக்கு ஏற்றதல்ல. எட்டடிக்குள் போனால்தான் ஆலா ஆலாவாகத் தெரியும். எட்டடியில் மனுஷி உட்கார்ந்திருந்தால் எந்த ஆலா வந்து உட்காரும்? எங்கள் டார்க் ரூம்காரர்தான் வழி சொன்னார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ஆற்றோரக் குடிசைகளில் குடியிருந்தவர், அந்த மணலிலேயே வளர்ந்தவர். குடும்ப குரூப் எடுக்கும்போது கேமராவைத் தொடாமல் தூரத்திலிருந்து அழுத்துவதற்கு நீளக் குழாய் வைத்த ஒரு ரப்பர் பந்து ஸ்டுடியோவில் இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பந்தை அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் தட்டும். குழாய் இருபதடி இருக்கும்.

"நானும் வர்றேம்மா" என்றார். "நீ தனியா போனா அது உன்னை வுடாது, சுத்திக்கினே கீது பாரு. ரெண்டு பேரா போவணும். ஒருத்தர் பட்த்துக்கணும், ஒருத்தர் திரும்பி வந்துடணும். ஆளுங்க பூட்டாங்கன்னு அது நெனச்சுக்கும். கொக்கு புடிக்கிறவன் அப்டிதான் பண்ணுவான்."

"அதுக்கு எண்ணத் தெரியாதா அண்ணே?"

"எண்ணத் தெர்ஞ்சா அது இன்னாத்துக்கு இங்க வந்து முட்டை போடுது?"

ஞாயிறு விடியற்காலை இருட்டு பிரிகிற நேரத்தில் இரண்டு பேரும் மணலில் இறங்கினோம். அவர் தோளில் இரண்டு சாக்கு, என் கையில் கேமரா. காற்று கொஞ்சமும் இல்லை. அந்த நேரத்திலேயே முதுகு வேர்த்தது. குழிக்கு எட்டடி தள்ளிக் கேமராவைத் தாழ்வாக மணலில் பதித்தேன். குனிந்து, முட்டையின் மேல் ஃபோகஸ் வைத்தேன். லென்ஸை மட்டும் விட்டுவிட்டு மேலே கிழிந்த சாக்கைப் போட்டோம். குழாயை மணலுக்குள் புதைத்துக்கொண்டே பின்னால் போய் நான் குப்புறப் படுத்தேன். இன்னொரு சாக்கை அண்ணன் என் மேல் போர்த்தினார்.

"மூச்சு வுடறியா?"

"விடறேன்."

"வுடு. அசையாத" என்று சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு, வேண்டுமென்றே உரக்கப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் ஆலா இறங்கிவிட்டது. உண்மையாகவே அதற்கு எண்ணத் தெரியவில்லை. குழிக்கு நாலடி தள்ளி நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. குடுகுடுவென்று ஓடி வந்து முட்டைமேல் நின்றது. சாக்கின் ஓட்டை வழியாக அதைப் பார்த்துக்கொண்டே பந்தை அமுக்கினேன். ஷட்டர் சத்தம் கேட்ட அந்த நொடியே அது பறந்தது. சத்தத்துக்கு முன்னால் பறந்ததா, பின்னால் பறந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வெறும் இறக்கைதான் விழுந்திருக்கும் என்று தோன்றியது.

இதில் ஒரு தொல்லையை நான் யோசிக்கவில்லை. அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்தால் கையால் சுற்றினால்தான் அடுத்தது வரும். நான் எழுந்து போய்ச் சுற்றிவிட்டு வந்து படுத்தேன். இப்போது திரும்பிப் போகிற ஆள் இல்லை. ஆலா மேலேயே வட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கரையில் பீடி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு, மறுபடி நடந்து வந்து, என் பக்கத்தில் நின்றுவிட்டு, மறுபடி போனார். இந்த முறை ஆலா வருவதற்கு அதிக நேரம் எடுத்தது. வந்ததும் நேராக முட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டது. நான் அமுக்கினேன். அமுக்கின பிறகுதான் உறைத்தது, முட்டை இரண்டும் அதன் வயிற்றுக்கு அடியில் இருக்கின்றன. பறவை மட்டும் விழுந்த படத்தை மயிலாப்பூர்க்காரர் எதற்கு மதிக்கப்போகிறார்?

மிச்சம் ஒரே ஒரு படம். வெயில் ஏறிவிட்டது. சாக்குக்குள் வெந்துகொண்டிருந்தேன், வாயெல்லாம் மணல், முழங்கை எரிந்தது. அண்ணன் மூன்றாவது முறை வந்தபோது, "போதும்மா, வா போலாம். இன்னாத்துக்கு இந்த ரோதனை" என்றார்.

"ஒண்ணு இருக்கு அண்ணே."

"வெயிலு மண்டைய பொளக்குது."

"நீங்க போங்க. நான் எடுக்காம வர மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் படுத்திருந்தேன். ஆலா வரவில்லை. உள்ளங்கையை மணலில் வைத்தேன், சுட்டது. அப்போதும் எனக்கு என் கைதான் ஞாபகம், முட்டை ஞாபகம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான். வா, வந்து தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆலா தண்ணீர் பக்கம் போனது. மீனுக்குப் பாய்கிற மாதிரி பாயவில்லை. தண்ணீரில் தாழ்ந்து, வயிற்றை மட்டும் தோய்த்தது. இரண்டு முறை, மூன்று முறை. பிறகு நேராகக் குழிக்கு வந்து, முட்டைக்கு மேலே கால் அகட்டி நின்றது. நனைந்த வயிற்று இறகிலிருந்து தண்ணீர் முட்டைமேல் சொட்டியது. நான் அமுக்கினேன்.

எழுந்து போய்க் கேமராவைத் தூக்கும்போதுதான் அது எனக்குப் புரிந்தது. முட்டை வெந்துவிடும் என்று அது தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது. அது அந்தக் குழியில் உட்கார்ந்து நிழல் தந்திருக்க வேண்டிய நேரத்தில் பாதியை, மூன்று படத்துக்காக நான் ஆகாசத்தில் சுற்றவிட்டிருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓடினேன். "கெட்சுதா?" என்று அண்ணன் கேட்டார். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் ரோலைக் கழுவிக் காயப்போட்டு, தனித்தனியாக வெட்டி, கல்யாண நெகட்டிவோடு சேர்த்து என் பெட்டியில் வைத்திருந்தார். முதல் படத்தில் நான் நினைத்தது போலவே ஒரு இறக்கை. இரண்டாவதில் ஆலா மட்டும். மூன்றாவதைப் பலகையில் வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸில் பார்த்தேன். ஆலா நிற்கிறது. வயிற்று இறகு பிரிபிரியாக ஒட்டியிருக்கிறது. காலுக்கு நடுவில், கடுகளவு, இரண்டு முட்டைகள். அழுகை வந்துவிட்டது. முதலாளி பார்க்கிறாரோ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மணப்பெண் படங்கள் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று முதலாளி குரல் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் பென்சில் பிடிக்கிற வார்னிஷைத் தடவி வைத்தேன். எல்லாவற்றுக்கும் என்றால் என் ஆலாவுக்கும் சேர்த்துத்தான். பழக்கம். அடுப்பைக் கண்டால் பற்றவைக்கிற கை மாதிரி. மணப்பெண்ணின் கன்னம், நெற்றி, தாடை என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். மனசெல்லாம் சாயங்காலம் மயிலாப்பூர்க்காரர் முகம் எப்படி மாறப்போகிறது என்பதிலேயே இருந்தது. என்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்குப் புள்ளிகளை அடைத்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து, இந்தப் பெண்ணுக்கு மூக்கு எங்கே என்று தேடினேன். மூக்கு இல்லை. அலகு இருந்தது.

இரண்டு முட்டையில் ஒன்று போயே போய்விட்டது. அதன் ஒவ்வொரு புள்ளியையும் அடைத்து, ஓரத்தையும் இழைத்து, சுற்றியிருந்த மணலோடு மணலாகச் சேர்த்துவிட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஒண்ணுதான் கீது?" என்றார்.

"நான்தான் அழிச்சுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "டர்பன்டைன் போட்டு தொடச்சா வந்துடும். இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிக்கினு கீற" என்று பஞ்சையும் சீசாவையும் கொண்டுவந்து வைத்தார். எனக்குத் தெரியாததா? பென்சிலும் வார்னிஷும் மேலே இருப்பவை, துடைத்தால் போய்விடும், அடியில் உள்ளது அப்படியே இருக்கும். பஞ்சை எடுத்து நனைத்தேன். நனைத்தவள் நிறுத்திவிட்டேன். மயிலாப்பூர்க்காரர் நான் யார் என்று தெரிந்தவர். அவருடைய நாரையின் அலகிலிருந்து குச்சியை எடுத்தவளே நான்தான். முட்டையை நீயே வரைந்திருப்பாய் என்று அவர் சொன்னால் நான் எதைக் காட்டுவது? சீசாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஞ்சையும் லென்ஸையும், துடைக்காத நெகட்டிவையும் எடுத்துக்கொண்டேன். அதில் எடுத்த பிரிண்ட் ஒன்றும் கையில் இருந்தது, ஒற்றை முட்டையோடு.

சாயங்காலம் போனபோது மயிலாப்பூர்க்காரர் வீட்டுக் கூடத்தில் அந்த நாரை மாட்டியிருந்தது. குச்சி இல்லாமல் அழகாகத்தான் இருந்தது. பிரிண்டைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"ஆலா சரி. ரெண்டு முட்டைன்னியே? இது ஒண்ணுதானே இருக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்காதே. இதையும் நீயே வெச்சிருக்கலாம். உன் கை எனக்குத் தெரியும்" என்றார்.

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தானே வந்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் நெகட்டிவைப் பிடித்து, லென்ஸை அவரிடம் கொடுத்தேன். "கால் நடுவுல பாருங்க சார். ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணுதான்."

பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்தேன். கரி பஞ்சில் வந்தது. இரண்டாவது முட்டை, புள்ளி புள்ளியாக, இருந்த இடத்திலேயே தெரிந்தது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"எங்க பென்சிலால புள்ளியை எடுக்கத்தான் முடியும் சார், வைக்க முடியாது" என்றேன். "படத்துல கறுப்பா ஒண்ணு வரணும்னா நெகட்டிவைப் பிளேடால சுரண்டணும். சுரண்டினா கீறல் தெரியும். எங்கேயாவது கீறல் இருக்கா, பாருங்க. இல்லாததை நான் வரையலை. இருந்ததை அழிச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "நான்தான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார். அவர் வயசுக்கும் உத்தியோகத்துக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நாலு நாளாக எதற்காகப் பட்டினி கிடந்தேனோ அது கையில் வந்துவிட்டது.

"வயிறு நனைஞ்சிருக்கே, கவனிச்சியா?" என்றார். குரலில் சின்னப் பையன் மாதிரி ஒரு உற்சாகம். "வர ஞாயித்துக்கிழமை எல்லாரையும் அழைச்சுண்டு வரேன். நம்மளவா ரெண்டு பேராவது கண்ணால பார்த்தாத்தான் தாள்ல போடறது வழக்கம். உன் பேரைப் போட்டே எழுதறேன். நீதான் இடத்தைக் காட்டணும்."

தாளில் என் பெயர். நான் அதை ஆசைப்படவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் பன்னிரண்டு பேர் அந்த மணலில் முக்காலியும் லென்ஸுமாக நிற்பது என் கண் முன்னால் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு படம், இன்னொரு படம் என்று கேட்பார்கள். நான் கேட்கவில்லையா?

"வேண்டாம் சார்" என்றேன்.

"என்னம்மா?"

"அது ஏன் நனைஞ்சிருக்குன்னு தெரியுமா? நான் அதை உட்கார விடலை. வெயில் ஏறினப்புறமும் விடலை. முட்டை வெந்துடும்னு அது தண்ணி கொண்டுவந்துது. நான் ஒருத்தி போனதுக்கே அந்தப் பாடு. நீங்க எல்லாரும் வந்தா மிஞ்சாது."

"நாங்க தூரத்துல நின்னு பார்ப்போம்."

"தூரத்துல நின்னா முட்டை தெரியாது சார். கிட்ட வருவீங்க."

அவர் லென்ஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "யாரும் பார்க்கலேன்னா போட முடியாதேம்மா. வழக்கத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"அப்ப போட வேண்டாம்."

நெகட்டிவை உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன். "நீங்க போக மாட்டீங்கதானே சார்?" என்று வாசலில் நின்று கேட்டேன். போக மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த மாதத்துத் தாளில் கொக்கும் மீன்கொத்தியும் இருந்தன, ஆலா இல்லை. நான் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். காலையில் நடக்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன். முகத்துவாரத்துப் பக்கம் கால் இழுக்கும். இழுத்த காலைத் திருப்பிக்கொண்டு நந்தனம் மைதானம் வரை நடந்து, அங்கே மேய்கிற மாடுகளைப் பார்த்துவிட்டு வருவேன். தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றாத நாள் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தில் போகத் தோன்றும், அதுவும் எனக்குத் தெரியும். பிறகு எங்கோ மேற்கே மழை பெய்து, ஆற்றில் தண்ணீர் வந்து, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போய்விட்டது என்று அண்ணன் சொன்னார். அந்தத் திட்டே இல்லை என்றார்.

அதற்கும் ஒரு மாதம் கழித்து மயிலாப்பூர்க்காரர் ஃபிலிம் கொடுக்க வந்தார். கவுன்டரில் ரசீது வாங்கிக்கொண்டு போகாமல், என் பலகை பக்கம் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "குஞ்சு பொரிச்சுதா?" என்றார்.

"தெரியாது சார். நானும் போகலை" என்றேன்.

அவர் அதை நம்பினார்.